தக்கணத்துத் தமிழிளைஞரின் உடையும் ஒப்பனையும்

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம்மவர் வழக்கு. அவ்வாடையிற் பாதியைப் பருவகாலம் முடிவு செய்கிறது என்பதை அவர்கள் கூறாமல் விட்டனர். கூறவேண்டிய தேவை அவர்கட்கு இருந்திராது. சென்னையிலோ நாகையிலோ கடற்காற்றை நுகர்ந்து வாழ்பவர்க்கு ஆண்டு முழுவதும் மெல்லிய பருத்தியே போதும். மழைக்கு ஒரு குடையும், மார்கழி விடியலுக்கு ஒரு துண்டும் இருந்தால் காலம் கழிந்துவிடும்.

லோத்குண்டா அத்தகைய ஊரன்று. சிக்கந்தராபாதின் வடபால், திருமலகிரிக்கும் ஆல்வாலுக்கும் இடையே, கடல் மட்டத்தினின்றும் 500 மீட்டருக்கு மேற்பட்ட மேட்டு நிலத்தில் அமைந்த ஊர் இது. குண்டா என்பது தெலுங்கிற் குட்டையைக் குறிக்கும் சொல். ஊரின் பெயரில் நீர் உண்டு. காற்றிலோ ஆண்டின் பெரும்பகுதியும் ஈரம் இல்லை. ஐதராபாதில் 1966 ஜூன் 2-ஆம் நாள் வெப்பம் 45.5 பாகை செல்சியசு வரை ஏறியதும், 1946 ஜனவரி 8-ஆம் நாள் 6.1 பாகை வரை இறங்கியதும் வானிலைப் பதிவுகளிற் காணப்படுகின்றன. தமிழகக் கடற்கரையில் ஐப்பசி, கார்த்திகையிற் கொட்டும் பெருமழை இங்கே ஆனி முதல் புரட்டாசிக்குள் பெய்து ஓய்ந்துவிடுகிறது. நம் முன்னோர் பெட்டி படுக்கையுடன் இங்கே வந்திறங்கியபோது, அவர்கள் கைக்கொண்டு வந்த பஞ்சாங்கத்தின் மாதங்கள் மாறவில்லை. மாதங்களின் குணம் மாறிவிட்டது.

இம்மாற்றத்தை முதலில் உணர்வது இளைஞரின் உடலே. பதினைந்து முதல் இருபத்தைந்து வயது வரையிலான பருவத்தில்தான் ஒருவர் தம் முகத்தைக் கண்ணாடியில் அதிகமாகப் பார்க்கிறார். எதை உடுப்பது, எதைப் பூசுவது என்று தாமே முடிவு செய்யவும் தொடங்குகிறார். அம்முடிவு உண்மையில் அவருடையதுதானா, வேறு எவரேனும் இட்ட ஆணையா என்னும் வினாவே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. அதனை வரலாற்று வழியில் ஆராய்வோம்.

சங்க காலத்து இளைஞரின் ஒப்பனைக்கு ஆணையிட்டது பொழுதேயாகும். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆண்டை ஆறாகப் பகுத்த தமிழர், அந்தந்தப் பெரும்பொழுதுக்கு ஏற்ப உடலைப் பேணினர். இதற்குச் சிறந்த சான்று நக்கீரர் பாடிய நெடுநல்வாடை. வாடைக்காற்று வீசும் குளிர்நாளில் ஊரார் என்னென்ன செய்யாது விட்டனர் என்று அப்புலவர் கூறுவதைப் படித்தால் வியப்புத் தோன்றும். மகளிர் குளிர்ந்த மாலைகளைச் சூடவில்லை; கூந்தலிற் சில மலர்களை மட்டும் இட்டனர்; அகிற்கட்டையை நெருப்பிலிட்டு அதன் புகையைக் கூந்தலுக்கு ஊட்டினர். கோடையில் ஓயாது வீசிய விசிறி சுருக்கிக் கட்டப்பட்டு, சிலந்தி நூலோடு தொங்கியது. குறுகிய வாயுடைய கலத்துத் தண்ணீரை எவரும் பருகவில்லை. அகன்ற வாயுடைய தடவிலே நெருப்பை மூட்டிக் குளிர் காய்ந்தனர். வடநாட்டார் கொணர்ந்த வட்டக்கல்லும், அதன்மேல் அரைக்கும் தென்னாட்டுச் சந்தனமும் பயனின்றிக் கிடந்தன.

வடவர் தந்த கல்லின்மேல் தென்னவர் சந்தனம்! தக்கணத்தில் வாழும் நமக்கு இதனினும் பொருத்தமான காட்சி வேறு கிடைப்பதரிது. ஆயினும் அக்கல் அங்கே கைவிடப்பட்டதன் காரணத்தைக் கருதவேண்டும். சந்தனம் குளிர்ச்சி தருவது. கூதிர்க்காலத்தில் அது வேண்டா. நறுமணம் நல்லதே, விலையுயர்ந்ததே. எனினும் பொழுதுக்கு ஒவ்வாததை அணியலாகாது என்பது அக்காலத்தார் துணிபு.

இத்தகைய பேணல் மகளிர்க்கு மட்டும் உரியதன்று. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டை, அது அடுக்கிக் கூறும் மலர்ப் பெயர்களுக்காகவே பலரும் நினைவு கூர்வர். அப்பாட்டில் வரும் தலைமகனது தலைமயிரைக் குறித்து யாரும் பேசுவதில்லை. எண்ணெய் நீவி வளர்த்த சுருண்ட மயிரை நறுமணத் தகரம் இட்டுக் கழுவி, ஈரம் புலர விரலாற் கோதி, அகிற்புகையும் ஊட்டியிருக்கிறான் அவன். வேட்டைக்குச் செல்லும் வீரனுக்கு இத்தனை ஒப்பனையா என்று நகைப்பவர் நகைக்கட்டும். எண்ணெய், கழுவுதல், உலர்த்துதல், புகையூட்டல் என்னும் அந்த ஒழுங்கிலே ஒரு முறைமை இருக்கிறது. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி நீராடும் இடத்தில் இம்முறைமை மேலும் விரிகிறது. பத்து வகைத் துவர்ப் பொருள்களும், ஐந்து வகை விரைப் பொருள்களும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நன்னீரில் அவள் தன் கூந்தலை ஆட்டினாள் என்கிறார் இளங்கோவடிகள். நம் வீடுகளில் சீயக்காயோடு பூலாங்கிழங்கு, கார்போக அரிசி, பச்சைப்பயறு என்று கைக்குக் கிடைத்தவற்றையெல்லாம் சேர்த்து அரைத்து வைக்கும் பாட்டிமார் அம்மரபின் கடைசிக் கண்ணிகள் என்றே கூறலாம்.

இனி, நிறத்தைப் பற்றி அக்காலத்தார் என்ன எண்ணினர்? இதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும்; ஏனெனில் நம் காலனியின் இளம்பெண்கள் பலரை இன்று வாட்டும் துன்பம் இதனோடு தொடர்புடையது. சங்கப் பாக்களில் தலைவியின் அழகு மாமை எனப்படும். மாந்தளிரின் நிறத்தை ஒத்த மேனி என்று அதற்கு உரை கூறுவர். வெண்மையன்று, பொன்மையுமன்று, கருமையும் செம்மையும் கலந்து மின்னும் தளிர்நிறம். தலைவன் பிரிந்தபோது அந்த மாமை அழிந்து, மேனி வெளிறுகிறது. அவ்வெளிறலுக்குப் பசலை என்று பெயர். வெள்ளிவீதியார் குறுந்தொகையிற் புலம்புவது தம் மாமை அழகைப் பசலை உண்டுவிடுகிறதே என்றுதான். திருவள்ளுவரும் 'பசப்புறு பருவரல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அஃதாவது, மேனி வெளுத்தல் நம் முன்னோர்க்கு நோயின் அறிகுறி, அழகின் இழப்பு. வெளுக்க வேண்டுமென்று எந்தத் தலைவியும் எதனையும் பூசியதாக யாம் கண்டதில்லை.

இத்தகைய மரபினராகிய தமிழர் தக்கணத்துக்கு வந்த வழிகள் பல. வணிகத்துக்காக வந்தவர் உண்டு. ஆலயப் பணிக்காக வந்தவரும் உண்டு. பெருந்தொகையினராக வந்தது படையோடுதான். 1798-ஆம் ஆண்டில் நிசாமுக்கும் ஆங்கிலக் கும்பெனிக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, சென்னைப் படையைச் சார்ந்த பட்டாளங்கள் ஐதராபாதை அடுத்து நிலையாகத் தங்கின. அவற்றில் தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் விரவியிருந்தனர். அவர்கள் தங்கிய பாளையமே, நிசாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் 1806-இல் சிக்கந்தராபாத் ஆயிற்று. அதே 1806-ஆம் ஆண்டிலேதான், இளைஞரின் தோற்றத்தைப் பற்றிய ஓர் ஆணை தென்னாட்டையே குலுக்கியது.

சென்னைப் படைத்தலைவராகிய சர் ஜான் கிரடாக்கின் காலத்தில் அவ்வாணை பிறந்தது. சிப்பாய்கள் அணிவகுப்பின்போது நெற்றியில் நீறோ நாமமோ இடலாகாது. காதிற் கடுக்கன் கூடாது. தாடியை மழித்து, மீசையையும் ஒரே அளவாகத் திருத்திக் கொள்ளல் வேண்டும். பழைய தலைப்பாகையை விடுத்து, தோற்பட்டை பொருத்திய புதுவகைத் தலைப்பாகை அணிதல் வேண்டும். தொப்பியோ வெள்ளையரின் அடையாளம். தோலோ பசுவினதா பன்றியினதா என்னும் ஐயம். நெற்றியும் காதும் அவரவர் குலத்தின் சாட்சி. இந்து, முஸ்லிம் ஆகிய இரு சாராரும் ஒருங்கே மனம் புண்பட்டனர். 1806 ஜூலை 10-ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையிற் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். அன்று பகலுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட ஐரோப்பியப் படையினரும், முந்நூற்றுக்கு மேற்பட்ட சிப்பாய்களும் மாண்டனர். திப்புவின் மக்கள் அக்கோட்டையிற் சிறை வைக்கப்பட்டிருந்தமையால் அரசியற் காரணங்களும் அதிற் கலந்திருந்தன, அதனை மறுப்பதற்கில்லை. எனினும் தீப்பொறி தலைப்பாகையே.

வேலூரைப் பற்றி நம் பிள்ளைகள் பள்ளியிற் படிக்கின்றனர். இங்கே நம் ஊரை அடுத்துத் தங்கியிருந்த துணைப்படையிலும் அதே மனக்கொதிப்பு அவ்வாண்டில் மூண்டது என்பது பாடநூல்களில் வருவதில்லை. இப்படைக்குத் தலைமை தாங்கிய கர்னல் மாண்ட்ரெசர், நிலைமையைக் கண்டு அவ்வாணையை விலக்கிக் கொண்டார். நெற்றியும் காதும் மீசையும் பழையபடி சிப்பாய்களிடமே விடப்பட்டன. இங்கே வேலூர் போன்ற குருதிப் பெருக்கு நேரவில்லை. சில திங்களுக்குள் சென்னை அரசும் அவ்விதிகளை நீக்கிற்று. 1807-இல் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டனர். இளைஞர் தம் முகத்தின்மேல் தமக்குள்ள உரிமையை நிலைநாட்டிய நிகழ்ச்சிகளுள் இதனைவிடப் பழையது நம் வட்டாரத்தில் யாம் அறிந்து இல்லை.

ஆயினும் ஒன்று. தலைப்பாகைக்காகப் போராடிய அதே சிப்பாய்கள், தக்கணத்து வெயிலிற் செந்நிறக் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றனர். அதனை மாற்றுமாறு எவரும் கேட்கவில்லை. குளிர்நாட்டுச் சட்டை வெயில்நாட்டு உடலின்மேல் ஏறியது. 1846-இல் பெஷாவரில் அமைந்த வழிகாட்டிப் படையில்தான் மண்நிறமாகிய காக்கி தோன்றிற்று. பின்னர்ப் படைமுழுதும் அதுவே பரவியபோது, அத்துணியை நெய்து புகழ்பெற்றவை சென்னைப் பெரம்பூரின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள். 1876-இலும் 1881-இலும் தொடங்கி 1920-இல் ஒன்றான அவ்வாலைகள் 1996-இல் மூடப்பட்டன. திருமலகிரி, பொல்லாரம் பாளையங்களில் நம்மவர் உடுத்திய காக்கியிற் பல கெஜம் வடசென்னைத் தறிகளில் நெய்ததாகவே இருந்திருக்கும்.

படைக்குப் பின்னே பள்ளியும் புகைவண்டியும் வந்தன. 1862-இல் சோமசுந்தர முதலியார் சிக்கந்தராபாதில் நிறுவிய பள்ளியே பின்னர் மகபூப் கல்லூரியாக வளர்ந்தது. 1893 பெப்ரவரியில் விவேகானந்தர் உரையாற்றிய இடமும் அதுவே. 1874-இல் வாடியிலிருந்து சிக்கந்தராபாதுக்கு இருப்புப்பாதை வந்தது. எழுத்தர்களும் ஆசிரியர்களும் குடும்பத்தோடு வந்து குடியேறினர். அவர்தம் பிள்ளைகள் தெருவிலே நிசாம் நாட்டு ஷெர்வானியையும், பாளையத்திலே ஆங்கிலக் கோட்டையும், வீட்டிலே வேட்டியையும் கண்டு வளர்ந்தனர். எதைத் தேர்வது? வடக்கே சென்ற தமிழிளைஞன் ஒருவன் தோற்றத்தை மாற்றிக் கொண்டதற்கு நாடறிந்த சான்று பாரதியார். 1898 முதல் ஏறத்தாழ நான்காண்டுகள் காசியில் வாழ்ந்தபோதே அவர் குடுமியை நீக்கினார், மீசை வளர்த்தார், தலைப்பாகை கட்டினார். அப்போது அவர்க்கு இருபது வயதும் நிரம்பவில்லை. எட்டயபுரத்துக்குத் திரும்பிய பின்னரும் அத்தோற்றத்தை அவர் கைவிடவில்லை. காசியின் குளிர் தென்பாண்டியில் இல்லாதிருந்தும் கோட்டு மட்டும் நிலைத்தது. அங்கே ஆணையிட்டது பொழுதன்று, அவர் உள்ளமே. அதனையும் நாம் ஏற்கத்தான் வேண்டும். இளமைக்கு அவ்வுரிமை உண்டு.

தக்கணம் தந்த உடைகள் இரண்டினை இங்கே குறிப்பிட வேண்டும். ஒன்று கொங்கடி. தக்கணத்துச் செம்மறியின் கரிய மயிரைத் திரித்து, தெலங்காணத்துக் குருமர் நெய்யும் முரட்டுக் கம்பளி அது. மழையில் மடித்துத் தலைமேற் கவிழ்த்தால் குடை, குளிரிற் போர்வை, தரையில் விரித்தாற் பாய். நாகரிகம் போதாதென்று நம் இளைஞர் அதனை ஒதுக்கிவிட்டனர். அது வருந்தத்தக்கது. மற்றொன்று, பழைய நல்கொண்டா மாவட்டத்துப் புட்டபாகையில் நெய்யும் தேலியா ருமால். ஆமணக்குக் காய்த்தோட்டின் சாம்பல் கலந்த நீரிலும் எண்ணெயிலும் நூலை மீண்டும் மீண்டும் ஊறவைத்துச் சாயமேற்றுவர். துணி மென்மையாகி, சாயம் ஊன்றி நிற்கும். எண்ணெயின் மணமும் நெடுநாள் நீங்காது. 2020-இல் அது புவிசார் குறியீடு பெற்றது. எண்ணெயும் சாம்பற்காரமும் கொண்டு நூலைப் பேணும் இக்கலையைக் காணும்போது, எண்ணெயும் சீயக்காயும் கொண்டு உடலைப் பேணும் நம் சனிக்கிழமை நீராட்டு நினைவுக்கு வருகிறது.

அந்நீராட்டும் இங்கே சிறிது மாறவேண்டியதாயிற்று. தேங்காயெண்ணெய் 24 பாகை அளவிலே உறையும் இயல்பினது. சென்னையில் அது புட்டியில் நீராகவே நிற்கும் நாட்களே மிகுதி. லோத்குண்டாவின் மார்கழிக் காலையில் அது வெண்கட்டியாகி, வெயிலில் வைத்தாலன்றி இறங்காது. நல்லெண்ணெய் அவ்வாறு உறைவதில்லை. ஆகவே பனிக்காலத்துக்கு நல்லெண்ணெய் என்பது இங்குள்ள இல்லங்கள் பலவற்றில் வழக்கமாயிற்று. இதில் அறிவியலும் உண்டு. தோலின் மேலடுக்கில் இயற்கையாகவுள்ள நெய்ப்பசையே உள்ளிருக்கும் ஈரத்தைக் காக்கிறது. வறண்ட காற்றும், கொதிக்கும் வெந்நீரும், காரமிகுந்த சோப்பும் அந்நெய்ப்பசையைக் கவர்கின்றன. கையும் காலும் வெடித்து, சாம்பல் பூத்தாற்போலத் தோன்றுகின்றன. மிதமான சுடுநீரிற் குளித்து, உடல் முற்றும் உலருமுன் சிறிது எண்ணெய் தடவினால் அவ்வெடிப்புத் தணியும். ஆனால் முகப்பரு உள்ள இளைஞரின் முகத்தில் எண்ணெய் பூசுமாறு பெரியோர் வற்புறுத்தலாகாது. அவ்வயதில் முகத்து நெய்ச்சுரப்பிகள் தாமே மிகுதியாகச் சுரக்கின்றன. அவற்றின் வாயை மேலும் அடைத்தாற் பரு பெருகும். பாட்டி சொல்லிற் பெரும்பகுதி பொன். இப்பகுதி மட்டும் அன்று.

மழைக்காலத்தின் தேவை வேறு. பேகம்பேட்டையில் ரொனால்டு ராஸ் 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள் கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்தார். அது நம் ஊரிலிருந்து சில கல் தொலைவே. ஆவணி மாலையில் முழுக்கையும் முழுக்காலும் மறையும் மெல்லிய பருத்தியை உடுத்துதல் அழகுக்கு மட்டுமன்று, உயிருக்கும் காவல். ஈரம் உலராத துணியை மாட்டிக்கொண்டு ஓடும் மாணவர்க்குப் படை வருவதும் இக்காலத்தில்தான். அதற்குப் பகட்டான களிம்பினும் உலர்ந்த துணியே முதல் மருந்து.

இதுகாறும் கூறியவற்றில் ஆணையிட்டது பொழுதும் உடலுமே. இருபதாம் நூற்றாண்டில் வேறோர் ஆணை பிறந்தது. அதன் தொடக்கம் தீதில்லாதது. முதல் உலகப்போரால் சந்தன ஏற்றுமதி தடைப்பட்டபோது, தேங்கிய சந்தனத்துக்கு வழிதேடி மைசூர் அரசர் நான்காம் கிருஷ்ணராச உடையாரும் திவான் விசுவேசுவரய்யாவும் 1916-இல் மேற்கொண்ட முயற்சியே மைசூர் சந்தன சோப்புக்கு வித்திட்டது. வட்டக்கல்லில் அரைத்த சந்தனம் கட்டியாகிக் கடைக்கு வந்தது. கோடைக்கென்றிருந்த சந்தனம் ஆண்டு முழுவதும் குளியலறையில் அமர்ந்தது. அடுத்து வந்தது சுநோ. 1919-இல் பம்பாயில் பாட்டன்வாலா தொடங்கிய ஆப்கன் சுநோ இந்நாட்டு முகப்பூச்சுக்களில் முன்னோடி. பனிக்கட்டி விழாத நாட்டில் முகம் பனிபோல் இருக்கவேண்டுமென்னும் ஆசை அப்பெயரிலேயே நுழைந்துவிட்டது. 1952-இல் டாட்டாக்கள் லாக்மேயைத் தொடங்கினர். 1975-இல் ஃபேர் அண்டு லவ்லி வந்தபோது ஆசை ஆணையாயிற்று. பருவத்துக்கேற்ற பூச்சு என்பது போய், நிறத்துக்கேற்ற வாழ்வு என்று விளம்பரங்கள் பேசின. வெளுத்தால் வேலை கிடைக்கும். வெளுத்தால் மணம் கூடும். 2005-இல் ஆடவர்க்கும் தனியாக அத்தகைய பூச்சு விற்பனைக்கு வந்தது. பலரும் கண்டித்தபின் 2020-இல் முன்னதன் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல் நீக்கப்பட்டு, க்ளோ அண்டு லவ்லி ஆயிற்று. பெயர் மாறிய வேகத்தில் மனம் மாறவில்லை. மணமக்கள் தேவை விளம்பரங்களைப் புரட்டிப் பார்த்தால் இது விளங்கும்.

கிரடாக்கின் ஆணைக்குப் பட்டாளம் பணியவில்லை. கடைக்காரரின் ஆணைக்கு நம் இல்லங்கள் பணிந்துவிட்டன. பெண் பார்க்க வருகின்றார்கள் என்று அறிந்தவுடன், ஒரு திங்களுக்குள் நிறம் கூட்டும் களிம்பைத் தேடி ஓடும் தாய்மாரை நம் காலனியிலும் காண்கிறோம். அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. மகளின் வாழ்வைக் கருதியே ஓடுகின்றனர். ஆயினும் அக்களிம்புகளுட் சிலவற்றில் என்ன இருக்கிறது என்பதை அவர்கள் அறிதல் வேண்டும். மலிவான சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கும். தோல் தன் நிறப்பொருளை உண்டாக்குவதை அது தடுக்கும். உடலுட் புகுந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2013-இல் ஜப்பானில் உலக நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா ஒப்பந்தம் இத்தகைய பூச்சுக்களைத் தடுக்க வழிசெய்தது. வேறு சிலவற்றில் ஸ்டீராய்டு உண்டு. அது சில நாட்களில் முகத்தை வெளுப்பாக்கி மயக்கும். நாளடைவில் தோல் மெலிந்து, சிவந்து, நரம்புகள் வெளித்தோன்றி, பருவும் மயிரும் கிளம்பும். நிறுத்தினாலோ எரிச்சல் மிகும். மருத்துவர் சீட்டின்றி ஸ்டீராய்டு களிம்புகளை விற்கலாகாது என்று நடுவணரசு 2018-இல் விதித்தும், கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் கடைகள் ஒழிந்தபாடில்லை. திருமணத்துக்கு முந்திய ஆறு வாரப் பூச்சுக்குப் பின்னர் ஆறு ஆண்டு தோல்மருத்துவரிடம் அலைவோர் உண்டு.

கரிய மேனிக்கு ஒரு வலிமையும் உண்டு. தோலின் நிறப்பொருளாகிய மெலனின், ஞாயிற்றின் புறஊதாக் கதிர்களை ஏற்று உள்ளணுக்களைக் காக்கும் கவசம். தக்கணத்துச் சித்திரை வெயிலில் வெளுத்த தோலினும் மாந்தளிர் மேனியே நன்கு தாங்கும். அதனைக் கரைப்பதற்குக் காசு கொடுப்பது, மழைக்காலத்தில் கூரையைப் பிரித்து விற்பதையொக்கும்.

இதனால் இளைஞர் ஒப்பனையே செய்யலாகாதென்று யாம் கூறுவதாக எண்ணவேண்டா. கபிலரின் தலைமகனைக் காட்டிய பின்னர் அவ்வாறு கூறவும் இயலாது. பாவாடை தாவணி விழாநாள் உடையாகச் சுருங்கி, சல்வாரும் ஜீன்சும் அன்றாட உடையாகிவிட்டன. அதற்காகவும் யாம் கண்ணீர் வடிக்கவில்லை. வேலை, வண்டி, கல்லூரி ஆகியவற்றுக்கு எது வசதியோ அதனை உடுத்துக. இறுகிய தடித்த ஜீன்சு தை மாதத்துக்கு இதமாக இருக்கும், வைகாசியில் தொடையிடுக்கில் வேர்க்குரு கிளப்பும் என்பதை மட்டும் அவரவர் உடலே எடுத்துரைக்கும். மதுரைச் சுங்குடியும் செட்டிநாட்டுக் கண்டாங்கியும் கோடையிற் பெட்டிக்குள் உறங்க, செயற்கைப்பட்டு வெளியே உலாவுவதுதான் எமக்கு விளங்காத புதிர்.

நம் ஐப்பசித் தீபாவளி எண்ணெய் நீராட்டு இங்கே எத்துணைப் பொருத்தமாக அமைந்துவிட்டது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். தமிழகத்தில் அந்நாளில் வானம் பொத்துக்கொண்டு பெய்யும். லோத்குண்டாவிலோ மழை ஓய்ந்து, வாடை தொடங்கி, தோல் வறளத் தலைப்படும் முதல் வாரங்கள் அவை. பொழுதுக்கேற்ற எண்ணெய் பொழுது தவறாமல் வந்து சேர்கிறது. பங்குனி பிறந்ததும் ராஜீவ் ரகதாரிச் சாலையில் இருசக்கர வண்டியிற் செல்லும் இளம்பெண்களைக் காண்க: தலையும் முகமும் கழுத்தும் மறைய மெல்லிய பருத்தித் துப்பட்டாவைச் சுற்றி, கண்களை மட்டும் விட்டு, கைகளுக்கும் நீண்ட உறையிட்டுச் செல்கின்றனர். வெயிலுக்கும் அனலுக்கும் புழுதிக்கும் அது ஒருங்கே காவல். தெலுங்குப் பெண்ணும் தமிழ்ப் பெண்ணும் உருதுப் பெண்ணும் ஒரே விதமாகவே அதனைச் சுற்றுகின்றனர். எந்தப் படைத்தலைவரும் எந்தக் கடைக்காரரும் அதனை அவர்கட்குக் கற்பிக்கவில்லை. ஆனியில் முதல் மழை விழுந்த மறுநாளே அத்துப்பட்டா மடிந்து பைக்குள் போய்விடுகிறது.